ஓப்பன்ஸ்டாக் கண்காணிப்புக்கு ப்ரோமிதியஸ், கிராஃபானா: எப்படி?

ஓப்பன்ஸ்டாக் என்பது கிளவுட் அமைக்க உதவும் மென்பொருள்; ப்ரோமிதியஸ் அதன் அளவீடுகளைச் சேகரிக்கும், கிராஃபானா அவற்றைக் கிராஃபாகக் காட்டும். சர்வர் நலனைப் பார்க்க, அதன் அளவீடுகளை ப்ரோமிதியஸுக்குத் தரும் நோட் எக்ஸ்போர்ட்டர் என்ற சிறு நிரலே போதும். 9100 போர்ட்டைத் திறந்தால் வேலை முடிந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை.

சிக்கல் ஓப்பன்ஸ்டாக் எக்ஸ்போர்ட்டரில்தான். நோவா (விஎம் எனும் மெய்நிகர் கணினிகள்), நியூட்ரான் (நெட்வொர்க்), சிண்டர் (டிஸ்க்) என ஒவ்வொரு ஏபிஐயையும் கூப்பிட்டுத்தான் அது கணக்கெடுக்கிறது. விஎம்கள் பெருகினால் பதில் வரத் தாமதமாகும். ப்ரோமிதியஸோ இயல்பாக 10 விநாடிதான் காத்திருக்கும். பிறகு டார்கெட் டவுன் என்று அலாரம் அடிக்கும். சேவை நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கும்! இதற்கு ப்ரோமிதியஸ் அமைப்பில் தனி ஜாப் எழுதி, அளவீடு எடுக்கும் இடைவெளியை 2 நிமிடமாகவும் டைம்அவுட்டை 90 விநாடியாகவும் வையுங்கள். இடைவெளி 5 நிமிடத்தைத் தாண்டினால் கிராஃப் துண்டு துண்டாகத் தெரியும்.

சேமிப்பகத்தைக் கவனிக்கும் செஃப் பக்கம் 9283 போர்ட்டில் மேனேஜர் மாட்யூலே தகவல் தருகிறது, அருமை. ஓஎஸ்டி (செஃப் தரவைச் சேமிக்கும் டிஸ்க்) 85 சதவீதம் நிறைந்தால்தான் செஃப் தானாக எச்சரிக்கும், 95ல் எழுதுவதையே நிறுத்திவிடும், விஎம்கள் அப்படியே உறைந்துபோகும். அதனால் அலர்ட்டை 75லேயே வைப்பது நல்லது. ஓப்பன்ஸ்டாக் சேவைகளுக்கிடையே செய்தி கடத்தும் ரேபிட்எம்க்யூவில் ஏற்கப்படாத செய்திகள் ஏறிக்கொண்டே போனால், விஎம் உருவாக்கம் விரைவில் தடுமாறும் என்று அர்த்தம்.

டிஸ்க் கணக்கு: ஒரு லட்சம் சீரிஸ் (தனித்தனியாகப் பதிவாகும் அளவீட்டு வரிசைகள்), 15 விநாடி இடைவெளி, இயல்பான 15 நாள் சேமிப்பு, ஒரு அளவீட்டுக்கு 2 பைட் என்றால் சுமார் 17 ஜிபி. ஆண்டுக்கணக்கில் தரவு வேண்டுமென்றால் தானோஸ் போன்ற நீண்டகால சேமிப்புக் கருவியைச் சேர்ப்பது நல்லது.

இதையெல்லாம் அதே கிளவுடுக்குள் ஒரு விஎம்மில் நிறுவாதீர்கள். கிளவுட் விழும்போது அலர்ட்டும் சேர்ந்தே விழும்.