திக்குன் புத்தகம்: பார் மிட்ஸ்வா பயிற்சியில் நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

யூதப் பிள்ளைகள் சமயப் பொறுப்பு வயதை எட்டும் சடங்கு பையனுக்குப் பார் மிட்ஸ்வா, பெண்ணுக்குப் பாட் மிட்ஸ்வா. எதுவானாலும், பிள்ளையைத் தயார்செய்யும் வீட்டில் முதலில் வாங்க வேண்டியது தோரா வாசிப்புப் பயிற்சி நூலான திக்குன். மண்டபத்தையும் சாப்பாட்டையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பெரும்பாலான பதிப்புகளில் பக்கத்துக்கு இரண்டு பத்திகள் இருக்கும். வலப்பத்தியில் உயிர்க்குறிகளும் ட்ரோப் எனப்படும் இராகக் குறிகளும் உண்டு. இடப்பத்தியில் அதே வசனங்கள் தோராச் சுருளில் (மோசேயின் ஐந்து நூல்கள் எழுதிய தோல் சுருள்) உள்ளபடி, குறி எதுவும் இல்லாத எழுத்துகளாக நிற்கும். சபாத் எனும் சனிக்கிழமை ஓய்வுநாள் காலையில் பிள்ளை சுருளில் பார்க்கப்போவது இந்த இடப்பத்தியைத்தான்.

பல ஆண்டுகள் பயன்படுத்தியதில் திரும்பத் திரும்பத் தெரிவது ஒன்று: வலப்பத்தியிலேயே மாதக்கணக்கில் ஓட்டிவிட்டுக் கடைசி மாதம் இடப்பத்திக்குப் போகும் பிள்ளைகள்தான் அதிகம் திணறுகிறார்கள். முதல் வாரத்திலிருந்தே இரண்டும் சேர்ந்து போக வேண்டும். வாரத்துக்கு மூன்று வசனம் போதும். முதல் இரண்டு நாள் வலப்பத்தி. மூன்றாம் நாள் ஒவ்வொரு வசனமும் வலத்தில் ஒருமுறை, இடத்தில் ஒருமுறை. நான்காம் நாள் முதல் வலப்பத்தியை ஓர் அட்டையால் மூடிவிடுங்கள். தினம் இருபது நிமிடம் உட்கார்ந்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் உட்காருவதில் பலன் குறைவு.

இடப்பத்தி எங்கே காலை வாரும் என்பதற்கு ஓர் உதாரணம். ஹே, வாவ், ஆலெஃப் என்ற மூன்றெழுத்துச் சொல்லை வழக்கமாக 'ஹூ' (அவன்) என்று வாசிப்பார்கள். மோசேயின் ஐந்து நூல்களில் 'ஹீ' (அவள்) என்பதும் பெரும்பாலும் இதே மூன்றெழுத்தில்தான் வரும். வலப்பத்தியில் ஹே-க்குக் கீழே ஒரு புள்ளி இருப்பதால் சிக்கலில்லை. சுருளில் அந்தப் புள்ளி கிடையாது. பிள்ளை வாசிக்கப்போகும் பகுதியில் இந்தச் சொல் வரும் இடங்களையெல்லாம் முதல் நாளே திக்குன் பக்கத்தின் நகலில் வட்டமிட்டு வையுங்கள். பொருள் மாறும் பிழை வந்தால் பக்கத்தில் நின்று வாசிப்பைச் சரிபார்க்கும் கபாய் உடனே திருத்துவார். திருத்தம் வந்ததும் அந்தச் சொல்லை மறுபடி சொல்லிவிட்டு மேலே போகவும் வீட்டிலேயே பழக்க வேண்டும். பழகாத பிள்ளை அங்கேயே நின்றுவிடும்.

அடுத்தது வரி அமைப்பு. இன்றைய திக்குன்கள் பலவும் 245 பத்தி, பத்திக்கு 42 வரி என்ற சுருள் அமைப்பையே பின்பற்றுகின்றன. பழைய சுருள்களில் வரி எண்ணிக்கை வேறாக இருக்கலாம். 'மூன்றாவது வரியின் முதல் சொல்' என்று இடத்தை வைத்து மனப்பாடம் செய்த பிள்ளை அங்கே தடுமாறும். அதனால் மூன்று வாரம் முன்னதாகவே ஜெப ஆலயத்துக்குப் போய், அன்று எடுக்கப்போகும் அதே சுருளைத் திறந்து வாசித்துப் பாருங்கள். யாத் எனும் சுட்டுகோலைச் சொல்லுக்கு மேலே வைத்தால் எழுத்து மறையும். சற்றுக் கீழே, தோலில் படாமல் பிடிக்க வேண்டும்.

ஆசிரியர் பதிவுசெய்து தரும் ஒலி உதவும், ஆனால் அளவோடு. காதால் மட்டும் கற்ற பிள்ளைக்கு ட்ரோப் குறிகள் கண்ணில் படுவதே இல்லை. பதிமூன்று வயதுப் பையனுக்குக் குரல் உடையும் என்பதால் சுருதியைத் தாழ்த்திப் பதியச் சொல்லுங்கள். தோராவுக்குப் பின் வாசிக்கும் தீர்க்கதரிசிகள் நூல் பகுதியான ஹஃப்தாராவுக்கும் குறிகள் அவையேதான், மெட்டு மட்டும் வேறு. இரண்டையும் ஒரே வாரத்தில் தொடங்கினால் கலந்துவிடும். ஒன்று நிலைத்த பிறகே மற்றது.

தோராவில் வாரத்துக்கு ஒரு பகுதி வாசிப்பதால், எந்தப் பகுதி என்பதில் தவறு நடந்தால் எல்லா உழைப்பும் வீண். 2015 மார்ச் 1 பகலில் பிறந்த பெண்ணின் எபிரேயப் பிறந்தநாள் ஆதார் 10. பன்னிரண்டு வயது நிறைவது எபிரேய ஆண்டு 5787-இல். அது ஆதார் மாதம் இரண்டு முறை வரும் லீப் ஆண்டு என்பதால் இரண்டாம் ஆதாரில்தான் பிறந்தநாள் வரும்: 2027 மார்ச் 19. மறுநாள் பூரிம் பண்டிகைக்கு முந்தைய சிறப்புச் சபாத்தான சபாத் சாகோர். மஃப்திராக (கடைசித் தோரா வாசிப்பாக) உபாகமம் 25:17-19, ஹஃப்தாராவாக 1 சாமுவேல் 15. அந்த வாரத்தின் வழக்கமான ஹஃப்தாராவைப் படித்து வந்தால் அன்று பயன்படாது. ஹெப்கால் என்ற எபிரேய நாட்காட்டித் தளத்தில் தேதியைப் போடும்போது, பிறந்தது சூரியன் மறைந்த பிறகா என்ற பெட்டியைக் கவனியுங்கள்; ஒரு நாள் தள்ளிப்போகும். அஷ்கெநாசி (மத்திய, கிழக்கு ஐரோப்பிய யூதர்), செபார்டி (ஸ்பானிய வழி யூதர்) வழக்கங்களில் ஹஃப்தாராவின் நீளமும் மாறும். வயேரா என்ற தோராப் பகுதியின் வாரத்தில் 2 இராஜாக்கள் 4-ஐ முன்னவர்கள் 37-ஆம் வசனம் வரை வாசிப்பார்கள், பின்னவர்கள் 23-உடன் நிறுத்துவார்கள். எதுவானாலும் ரபியிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டு தொடங்குங்கள்.

வாங்கும்போது மேசையில் விரித்தால் தானே திறந்து நிற்கும் பெரிய அளவைத் தேர்ந்தெடுங்கள்; கையடக்கப் பதிப்பில் குறிகள் எறும்பளவுதான். பென்சில் குறிப்பெல்லாம் நகலில் மட்டும். அந்த நகலிலும் கடவுளின் பெயர் இருப்பதால் குப்பையில் போடக் கூடாது. பயிற்சி முடிந்ததும் ஜெப ஆலயத்தில் பழைய புனித எழுத்துகளைச் சேர்த்துவைக்கும் கெனிசா பெட்டியில் சேர்த்துவிட வேண்டும்.