வெட்டி எடுப்பதா, அடுக்கி எழுப்புவதா: காம்போசிட் மோல்டுக்கு எது தோது?

படகின் உடலோ விமானத்தின் இறக்கையோ, இழையும் பிசினும் சேர்ந்த பெரிய காம்போசிட் பாகம் என்றால் முதலில் கையைக் கடிப்பது அதற்கு வடிவம் கொடுக்கும் அச்சான மோல்டுதான். பழகிய வழி, டூலிங் போர்டு எனும் எளிதில் செதுக்கக்கூடிய பிளாஸ்டிக் கட்டிகளை ஒட்டி, கணினி இயக்கும் சி.என்.சி. வெட்டு இயந்திரத்தில் குடைந்து வடிவம் எடுப்பது. குழிவான பெரிய மோல்டு என்றால் காசு கொடுத்து வாங்கிய போர்டில் நிறையவே தூளாகப் போய்விடும். ரோபோ பிரிண்டிங்கில் இது தலைகீழ். ரோபோ கை, கார்பன் இழை கலந்த பிளாஸ்டிக் குருணையை உருக்கி, வேண்டிய இடத்தில் மட்டும் அடுக்கடுக்காகப் போட்டு, சில மில்லிமீட்டர் தடிமன் கூடுதலாக எழுப்புகிறது.

அந்தக் கூடுதல் தடிமன் எதற்கு? சுழலும் வெட்டுக் கருவியால், அதாவது மில்லிங்கில், சீவத்தான். பிரிண்ட் ஆன பரப்பு வரிவரியாக இருக்கும், அப்படியே பயன்படாது. சீவினாலோ அடுக்குகளுக்கு நடுவே ஒளிந்திருந்த துளைகள் திறந்துகொள்ளும். பாகத்தை மோல்டோடு அழுத்திப் பிடிக்க அதன்மேல் காற்றை உறிஞ்சும் வாக்குவம் பை போட்டால் காற்று கசியும். ஆகவே துளைகளை அடைக்க எபாக்சி பிசின் பூச்சு, தேய்ப்பு, கசிவுச் சோதனை எல்லாம் வரிசையாக வரும். பிரிண்ட் நேரத்தை மட்டும் சொல்லி வேகம் பேசுபவர்களிடம் இந்தக் கணக்கைக் கேளுங்கள். சின்ன மோல்டுக்கு இவ்வளவு பாடு தேவையே இல்லை, போர்டே போதும்.

சரி, பாகம் இறுக மோல்டோடு சேர்த்து ஏற்றும் சூடு? உண்மையான போட்டி இங்கேதான். 1 மீட்டர் அலுமினியத்தை 20 டிகிரியிலிருந்து 180 டிகிரிக்குக் கொண்டுபோனால் சுமார் 3.7 மி.மீ. நீளும். இரும்பு-நிக்கல் கலவையான இன்வார் அரை மில்லிமீட்டர்கூட நீளாது. கார்பன் பாகமும் அதிகம் நீளாது என்பதால்தான் விமானத் துறை கனமான, விலை உயர்ந்த இன்வாரை விடாமல் பிடித்திருக்கிறது. பிரிண்ட் மோல்டோ இழை ஓடும் திசையில் குறைவாகவும் குறுக்கே பல மடங்காகவும் விரியும். பிரிண்டுக்குப் பயன்படும் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் 105 டிகிரி வாக்கிலேயே இளகிவிடும், ஆட்டோகிளேவ் எனும் அழுத்த அடுப்பு என்றால் பி.இ.ஐ. மாதிரி அதிகச் சூடு தாங்கும், விலை கூடிய பிளாஸ்டிக்குக்குப் போக வேண்டும். நூற்றுக்கணக்கான முறை சூடேற்ற வேண்டிய வேலைக்கு நான் இன்வார் பக்கம்தான்.

பிரிண்டிங்குக்குள்ளேயே இன்னொரு போட்டி உண்டு. சட்டகத்தில் முனை நகரும் கேன்ட்ரி இயந்திரம் விறைப்பானது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகம் 2016-இல் போயிங் 777எக்ஸ் இறக்கைக்கான 5 மீட்டருக்கும் நீளமான வெட்டு-துளைக் கருவியை ஏறக்குறைய 30 மணி நேரத்தில் பிரிண்ட் செய்தது அந்த வகையில்தான். ரோபோ கை அவ்வளவு துல்லியம் இல்லை. ஆனால் முனையைச் சாய்த்துப் போடலாம், தாங்கல் இல்லாமலே சரிவுகளை எழுப்பலாம், தண்டவாளத்தில் ஏற்றினால் நீளமும் கூடும். பத்து இருபது பாகம் மட்டும் எடுக்க வேண்டிய, குறைந்த சூட்டில் இறுகும் படகு மோல்டுக்கு என் ஓட்டு இதற்கே. வடிவம் மாறினால் மோல்டை அரைத்து, புதுக் குருணையோடு கலந்து மறுபடி பிரிண்ட் செய்யவும் வழி இருக்கிறது.