எக்ஸ்பி முதல் பதினொன்று வரை: ஒரு டிடிபி கடையில் விண்டோஸ்

விண்டோஸ் 11-க்கு மாறலாமா என்று யாராவது கேட்டால், "உங்க பிரிண்டர் என்ன மாடல், எப்ப வாங்கினது?" என்றுதான் முதலில் கேட்பேன். கேட்டவருக்கு எரிச்சல் வரும். ஆனால் எக்ஸ்பி காலத்திலிருந்து டிடிபி (கம்ப்யூட்டரில் டைப் செய்து பக்கம் வடிவமைக்கும்) கடை நடத்துகிறவன் வேறு எதைக் கேட்பது? ஒவ்வொரு முறை புது விண்டோஸ் ஏற்றும்போதும் கடையில் வேலையை நிறுத்தியவை அதைச் சுற்றியிருந்த சாமான்கள்தான்: பிரிண்டர், ஸ்கேனர், எழுத்துரு, கீபோர்டு, எழுத்துருத் தொகுப்போடு வரும் டாங்கிள் (செருகினால்தான் அந்தத் தொகுப்பு ஓடும் சின்னச் சாவிக் கருவி). நாளைக் காலையில் கல்யாணப் பத்திரிகை வேண்டும் என்று ஒருவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது, திரையில் ஜன்னலின் ஓரம் வளைந்திருக்கிறதா, கூராக இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை.

எக்ஸ்பி 2001 அக்டோபரில் வந்தது. எங்கள் பக்கத்துக் கடைகளுக்கு வந்து சேரச் சில வருடங்கள் ஆயின. அதுவரை விண்டோஸ் 98-தான் ஓடிக்கொண்டிருந்தது. எக்ஸ்பியைப் பலரும் ஏக்கத்தோடு பேசுவார்கள். தமிழில் வேலை பார்த்தவர்களுக்கு அது அவ்வளவு சுகமாக இருந்ததில்லை. லதா எழுத்துரு அதோடு வந்தது, சரி. ஆனால் கண்ட்ரோல் பேனலில் மொழிப் பகுதிக்குப் போய், சிக்கலான எழுத்து வடிவங்களுக்கான கட்டத்தில் டிக் போட்டால்தான் யூனிகோட் (எல்லா மெஷினுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) தமிழ் ஒழுங்காகத் தெரியும். டிக் போட்டதும் எக்ஸ்பி சிடியைக் கேட்கும். சிடி இல்லாத வீடுகளில் கொம்பு ஓரிடத்திலும் எழுத்து ஓரிடத்திலுமாகத் தமிழ் படித்தவர்கள் ஏராளம். நாங்கள் பாமினி, செந்தமிழ் என்று பழைய எழுத்துருக்களோடு பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் உட்கார்ந்திருந்ததால் இதெல்லாம் எங்களைத் தொடவில்லை. அந்த எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவம் உட்கார்ந்திருக்கும். எந்த விண்டோஸ் வந்தாலும் போட்டால் ஓடும். 2010-இல் தமிழக அரசு யூனிகோடையும் டேஸ்16 என்ற தமிழ் எழுத்துக் குறியீட்டையும் தரமாக அறிவித்த பிறகும், "அண்ணே, பாமினியிலேயே அடிச்சுக் குடுங்க" என்று கேட்டு வருகிறவர்கள் குறையவில்லை. விண்டோஸ் ஐந்தாறு தடவை மாறிவிட்டது, பாமினி மாறவில்லை!

அடுத்து வந்த விஸ்டாவை நான் தொடவே இல்லை. அன்றிருந்த 512 எம்பி ரேமில் அதை ஏற்றுவதில் அர்த்தமே இல்லை.

7 வந்தது 2009 அக்டோபரில். கடையில் வேலை செய்யும் எவரையும் உட்காரவைத்து எதையும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. எக்ஸ்பியில் பழகிய கை அப்படியே ஓடியது. தமிழுக்கு எந்த டிக்கும் வேண்டாம், சிடியும் வேண்டாம். ஆனால் ஸ்கேனர் போய்விட்டது. அதில் ஒரு குறையும் இல்லை, கண்ணாடிகூடக் கீறல் விழாதது. அதைத் தயாரித்த நிறுவனம் 64 பிட் விண்டோஸுக்கு டிரைவர் (ஸ்கேனரை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள்) தரவில்லை, அவ்வளவுதான். சர்வீஸ் பார்க்க வந்த தம்பி, "32 பிட் போட்டுத் தர்றேன் அண்ணே, ஸ்கேனர் ஓடும். ஆனா 4 ஜிபி ராம் போட்டாலும் முழுசா எடுக்காது" என்றார். அந்த ஸ்கேனருக்காகவே ஒரு மெஷினை 32 பிட்டிலேயே வைத்திருந்தோம். இப்படி ஒரு பழைய சாமானுக்காக ஒரு பழைய மெஷின், அதற்காக ஒரு பழைய விண்டோஸ் என்று எந்த டிடிபி கடைக்குப் போனாலும் மூலையில் ஒன்று இருக்கும்.

2012 அக்டோபரில் வந்த 8-ஐப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஸ்டார்ட் பட்டனை எடுத்துவிட்டார்கள். புது லேப்டாப் வாங்கியவர்கள் அதை எப்படி ஷட் டவுன் செய்வது என்று கேட்டுக் கடைக்குத் தூக்கி வந்தார்கள். கிளாசிக் ஷெல் என்ற இலவச மென்பொருளைப் போட்டுக் கொடுத்ததும் நிம்மதியாகத் திரும்பிப் போனார்கள். அடுத்த வருடம் 8.1-இல் பட்டன் திரும்பி வந்தது, பழைய மெனு வரவில்லை. ஒரு நல்ல விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும்: நிர்மலா யுஐ எழுத்துரு 8-இல்தான் வந்தது. திரையில் தமிழை நீண்ட நேரம் படிக்க லதாவைவிட அது எவ்வளவோ மேல்.

10-தான் நான் அதிக காலம் பயன்படுத்தியது. 2015 ஜூலை 29-இல் வந்தது; 7, 8.1 வைத்திருந்தவர்களுக்கு ஒரு வருடம் இலவசம். கெடு முடிந்த பிறகும் 7-இன் ஆக்டிவேஷன் சாவியே 10-க்கு வேலை செய்தது, 2023 செப்டம்பரில்தான் அந்தக் கதவை மூடினார்கள். 7-க்கான ஆதரவு 2020 ஜனவரியில் முடியும்வரை நான் காத்திருந்தேன். புதுப் பதிப்பு வந்ததும் குதிக்கக் கூடாது என்பதில் பிடிவாதமாகவே இருந்தேன், அதற்கு 2018 அக்டோபர் அப்டேட் ஒன்றே போதுமான காரணம். டாக்குமெண்ட்ஸ் போன்ற ஃபோல்டர்களை வேறு டிரைவுக்கு மாற்றி வைத்திருந்த சிலருக்கு, பழைய இடத்தில் தங்கியிருந்த கோப்புகளை அந்த அப்டேட் அழித்துவிட்டது. சில நாட்களில் அதை நிறுத்திவைத்து, சரிசெய்து நவம்பரில் மறுபடி விட்டார்கள். சோதனைப் பதிப்பிலேயே சில பயனர்கள் இதைப் புகாராகச் சொல்லியிருந்தார்கள் என்பதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. வெளியூர் வாடிக்கையாளர்களின் புத்தகக் கோப்புகளெல்லாம் எங்கள் மெஷினில் கிடக்கின்றன. யாருடைய அவசரத்துக்காக நான் அதைப் பணயம் வைப்பது?

அப்டேட் தானாகவே இறங்கி, தானாகவே ரீஸ்டார்ட் ஆகும் பழக்கத்தைப் பற்றி 10-இன் ஆரம்பத்தில் உலகமே திட்டியது. வேலை நேரத்தை நாமே குறித்துவைக்கும் வசதி 2016-இல் வந்தது. ஹோம் பதிப்பில் அப்டேட்டைத் தள்ளிப்போடும் வசதி 2019-இல்தான் வந்தது, அதுவும் 35 நாள்வரை. இப்போது இரண்டும் இருப்பதால் அந்தக் குறை பெருமளவு தீர்ந்தது. நியாயமாகச் சொன்னால் 10 கடைசியில் வந்து நின்ற இடம் நல்ல இடம். தமிழ் 99 என்ற தமிழ் கீபோர்டு முறையை உள்ளேயே கொடுத்துவிட்டார்கள். அதற்கு முன் எந்த மெஷினை ஃபார்மட் செய்தாலும் என்எச்எம் ரைட்டர் என்ற தமிழ் டைப்பிங் மென்பொருளைத் தேடி நிறுவுவதுதான் முதல் வேலை.

10-ஐப் புதிதாக நிறுவுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். லதாவும் விஜயாவும் அதில் கூடவே வருவதில்லை, தமிழ் கூடுதல் எழுத்துருக்கள் என்ற விருப்பத் தொகுப்புக்குள் போய்விட்டன. லதாவில் அடித்த பழைய வேர்ட் கோப்பைத் திறந்தால் வேறு எழுத்துருவில் தெரியும். வரி உடையும் இடம் மாறும், பக்க எண்கள் நகரும், பொருளடக்கம் பொய்யாகும். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து எங்களிடம் கொண்டுவருவார்கள். செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதிக்குள் விருப்ப வசதிகள் என்று ஒன்று இருக்கும். அங்கே தமிழ் என்று தேடி நிறுவினால் போதும். 11-இலும் இதே கதைதான், அதன் புதிய பதிப்புகளில் மட்டும் விருப்ப வசதிகள் சிஸ்டம் பகுதிக்குள் இருக்கும்.

வேகத்தைப் பற்றியும் கேட்பார்கள். ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டபோது கிடைத்த வேகத்தில் கால்வாசியைக்கூட எந்தப் புது விண்டோஸும் எனக்குத் தந்ததில்லை. மெஷின் மெதுவாக இருக்கிறது என்பதற்காக மட்டும் விண்டோஸை மாற்ற நினைப்பவர் அந்தப் பணத்தில் எஸ்எஸ்டி வாங்கலாம்.

இனி 11. இதன் கதையே வேறு, ஏனென்றால் முதல் தடவையாக மெஷினே தகுதியில்லை என்று சொல்லப்பட்டது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும். இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். என் முக்கிய மெஷின் ஆறாம் தலைமுறை ஐ5, 16 ஜிபி ரேம், எஸ்எஸ்டி. முந்நூறு பக்கப் புத்தகத்தைச் சிரமமில்லாமல் திறக்கிறது. அதற்கு 11 கிடையாது. சோதனையைத் தாண்டி ஏற்றும் குறுக்கு வழிகள் இருக்கின்றன, சர்வீஸ் தம்பியும் செய்து தருவதாகச் சொன்னார். ஆதரவில்லாத மெஷினுக்கு அப்டேட் கிடைக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லாதபோது, பிழைப்பு ஓடும் மெஷினில் அந்த வேலை வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

பில் போடுவதற்காக வாங்கிய புது லேப்டாப்பில் 11-தான் வந்தது. அன்றாட வேலைக்குக் குறையில்லை. ஜன்னல்களை அருகருகே ஒட்டிவைக்கும் வசதி உண்மையிலேயே நல்லது. ஒரு பக்கம் கையெழுத்துப் பிரதியின் ஸ்கேன், மறுபக்கம் டைப் செய்யும் கோப்பு என்று வைத்துக்கொள்ளலாம். நோட்பேடில் டேப் வந்ததும், சேமிக்காமல் மூடினாலும் எழுதியது அப்படியே இருப்பதும் எனக்குப் பிடித்தவை. ஆனால் டாஸ்க்பாரைப் பழையபடி இடது ஓரத்தில் வைக்க விடவில்லை. பக்கம் உயரமானது, திரையோ அகலமானது. பக்கம் வடிவமைப்பவருக்கு மேல் கீழாகக் கிடைக்கும் ஒவ்வொரு வரியும் முக்கியம். ஜன்னல் பெயர்களைத் தனித்தனியாகக் காட்டும் வசதியையும் எடுத்துவிட்டு 2023-இல் திருப்பிக் கொடுத்தார்கள். ரைட் கிளிக் செய்தால் பாதி மெனுதான் வரும், மீதிக்கு இன்னொரு கிளிக். இருந்ததைப் பிடுங்கி, இரண்டு வருடம் கழித்துத் திருப்பித் தந்து, அதைப் புது வசதி என்று சொல்வதை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் பக்கமும் போய்ப் பார்த்தேன். அரசு 2011-இல் மாணவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. அதை அழித்துத் தரச் சொல்லித்தான் பிள்ளைகள் வருவார்கள். இப்போது அதே கடையில் ஒரு பழைய மெஷினில் லினக்ஸ் மிண்ட் 22 ஓடுகிறது. அப்டேட் வந்திருக்கிறது என்று சொல்லும், நான் சொன்னால்தான் இறக்கும். தமிழ் 99 ஐபஸ் என்ற டைப்பிங் கருவி வழியாக ஒழுங்காக வேலை செய்கிறது. லிப்ரே ஆபீஸில் விண்ணப்பம், மனு, கட்டுரை டைப்பிங் எல்லாம் ஓடுகிறது. பேஜ்மேக்கரை அதில் எதிர்பார்க்கக் கூடாது. கடையில் இருக்கும் லேசர் பிரிண்டருக்கு லினக்ஸில் டிரைவர் ஏற்றப் பட்ட பாட்டைச் சொன்னால் இன்னொரு கட்டுரை ஆகிவிடும். பிடிஎஃப் ஆக்கி, விண்டோஸ் மெஷினுக்கு அனுப்பி அங்கே அச்செடுக்கிறோம்.

10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. வீட்டுப் பயனர்களுக்குக் கூடுதல் பாதுகாப்பு அப்டேட் 2026 அக்டோபர் 13 வரைக்குமென்று ஒரு திட்டம் வந்தது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் செட்டிங்ஸைச் சேமிக்க ஒப்புக்கொண்டால் இலவசம், இல்லையென்றால் 30 டாலர். ஐ5 மெஷினை அதில் பதிந்துவிட்டேன். எழுத்துரு டாங்கிள் பழைய பிரிண்டர்களுக்கான எல்பிடி போர்ட்டில் செருகுவது என்பதால், அதற்கான எக்ஸ்பி மெஷினை இன்டர்நெட் இணைப்பே இல்லாமல் தனியாக வைத்திருக்கிறேன். இனி ஐ5-க்கு மாற்றாக வாங்கப்போகும் மெஷினில் 11-தான் இருக்கும், அதில் எனக்கு வேறு வழியில்லை. அதற்கு முன் ஏ3 பிரிண்டரின் மாடல் எண்ணை எழுதி வைத்துக்கொண்டு, 11-க்கு டிரைவர் இருக்கிறதா என்று தயாரிப்பாளரின் தளத்தில் பார்க்க வேண்டும்.