மாடியா, மொபைலா, விளையா (தோட்ட வேலையா)? லாக்டவுன்ல உடம்புக்கு எது நின்னுச்சு

2020 மார்ச் 25-ல நாடு முழுக்க அடைச்சாங்க, அடுத்த வருஷம் கேரளா மே 8-ல, நம்ம தமிழ்நாடு மே 10-ல. கேரளா பார்டர்ல இருக்கிற களியக்காவிளைக்காரங்களுக்கு இதுல இன்னொரு தலைவலி, இந்தப்பக்கம் ஒரு ரூல், கேரளாவுல பாறசாலை பக்கம் ஒரு ரூல், காலையில பார்டர் தாண்டி நடந்து போய் ஒரு சாயா குடிச்சிட்டு திரும்புற ஆட்களெல்லாம் வீட்டு கேட்டோட நின்னுட்டாங்க. ஜிம்மும் மூடியாச்சு, கிரவுண்டும் கிடையாது.

மாடி நடை, மொபைல் வீடியோ, விளை வேலை, இதுல எது நல்லதுன்னு சொல்ல ஒரு அளவு வேணும்ல. உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பர்ல சொன்னது: பெரியவங்க வாரத்துக்கு 150-லேருந்து 300 நிமிஷம் கொஞ்சம் மூச்சு வாங்குற மாதிரி வேலை செய்யணும், அதோட ரெண்டு நாளாவது தசைக்கு பலம் குடுக்குற வேலையும் வேணும். முன்னாடி சேர்ந்தாப்புல பத்து நிமிஷமாவது செஞ்சாதான் கணக்குன்னு இருந்துச்சு, அதை எடுத்துட்டாங்க, விட்டு விட்டு செஞ்சாலும் சேரும்.

மொபைல் வீடியோ பாத்து செய்யுறது நல்லாதான் ஆரம்பிச்சுது, கை கால் தசை எல்லாத்துக்கும் வேலை இருக்கு. ஆனா வீட்ல ஒரே போன், காலையில பிள்ளைக்கு ஆன்லைன் கிளாஸ், அப்புறம் எங்க? நாப்பது தாண்டினவங்க பழக்கமில்லாம குதிச்சா முட்டும் சும்மா இருக்காது.

மொட்டை மாடி நடைதான் நிறைய வீட்ல நீடிச்சுது. 30க்கு 40 அடி மாடின்னா ஓரத்தோட ஒரு சுத்து 140 அடி, ஒரு கிலோமீட்டருக்கு கிட்டத்தட்ட 24 சுத்து வரும். ஒரே பக்கமா திரும்பிட்டே இருந்தா ஒரு கால்ல பாரம் அதிகம், அதனால அஞ்சு சுத்துக்கு ஒருக்க திசை மாத்தணும், நடக்கும்போது பேச முடியணும் ஆனா பாட்டு பாட முடியக்கூடாது, அதுதான் சரியான வேகம். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல தென்மேற்கு, வடகிழக்குன்னு ரெண்டு மழையும் உண்டுங்கறதால மாடியில பாசி பிடிச்சு வழுக்கும், ஜூன்ல நடக்குறவங்க முதல்ல அதை தேச்சு கழுவிடுங்க, இடுப்பு எலும்பு போச்சுன்னா நடையே போச்சு. இன்னொரு குறை, நடை மூச்சுக்கு நல்லது, தோளுக்கும் கைக்கும் ஒண்ணும் பண்ணாது.

அங்கதான் விளை ஜெயிக்குது. மம்பட்டி எடுத்து மரச்சீனிக்கு (மரவள்ளிக்கு) மண்ணு கூட்டுறது, தென்னைக்கு தடம் வெட்டுறது, கெணத்துல கப்பியில தண்ணி இறைச்சு வாழைக்கு கொண்டு ஊத்துறது, 15 லிட்டர் வாளின்னா தண்ணி மட்டும் 15 கிலோ, ரெண்டு கையிலயும் மாத்தி மாத்தி தூக்கினா முதுகு தோள் கால் எல்லாம் வேலை செய்யுது, மூச்சும் வாங்குது, ரெண்டு கணக்கும் ஒரே நேரத்துல முடியுது. குனியும்போது முதுகை வளைக்காம முழங்காலை மடக்கி தூக்கணும், அது மட்டும் கவனம்.

பக்கத்து வீட்டு அக்கா கேட்டாங்க, "மக்ளே, நான் நாள் முழுக்க வீட்டு வேலைதான் செய்யேன், அது போதாதா?" நியாயமான கேள்வி. தரை தேச்சு துடைக்கிறது, துணி அடிச்சு துவைக்கிறது மூச்சு வாங்குனா கண்டிப்பா சேரும். அடுப்பு முன்னாடி நின்னுட்டே இருக்கது சேராது, அதுல கால்தான் கடுக்கும். அந்த நாள்ல எல்லாரும் வீட்லயே இருந்ததால சமையல் இரட்டிப்பாச்சு, ஆம்பளைங்க சாயங்காலம் மாடிக்கு ஏறினாங்க, பொம்பளைங்களுக்கு அந்த அரைமணி நேரம் கிடைக்கல, எனக்கு இதுல ரொம்ப வருத்தம் உண்டு.

என் ஓட்டு விளைக்குதான். அஞ்சு சென்ட் கூட இல்லாதவங்க மாடி நடையோட வாரம் ரெண்டு நாள் வாளி தூக்குங்க. ஓட்டு வீடு, மாடியும் கிடையாதுன்னா நடைப்படியில ஏறி இறங்குங்க, நாற்காலியில கை ஊனாம உட்கார்ந்து எழும்புங்க, பத்து பத்தா பிரிச்சு செஞ்சாலும் அந்த 150-ல சேரும்.