தனியா உக்காந்து படிக்க வைக்கிறதா, கூட்டமா கதை வாசிக்கிறதா?

காலேஜ் இன்டர்ன்ஷிப்ல குட்டிப் பசங்களுக்குப் படிக்கச் சொல்லிக் குடுக்கப் போறீங்கன்னா ரெண்டு வழி இருக்கு. பத்து இருபது பேரைச் சுத்தி உக்கார வச்சு கதை வாசிக்கிறது ஜாலி, தயார் பண்றதும் ஈஸி, புது வார்த்தை நிறைய காதுல விழும், ஆனா எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளை கூட்டத்துல ஒளிஞ்சுக்கும், நமக்குத் தெரியவே தெரியாது. ஒரு பிள்ளைக்கு ஒருத்தர்னு உக்காந்தா எந்த எழுத்துல தடுக்குதுன்னு அப்பவே புரிஞ்சிடும், அங்கயே திருத்தலாம், ஆனா வாரத்துக்கு ரெண்டு மூணு தடவை விடாம போகணும், நடுவுல எக்ஸாம்னு காணாம போனா பிள்ளை மனசு விட்டுடும் (இதை யாரும் யோசிக்கிறதே இல்ல). ஒரு மாசம்தான் டைம்னா கதை போதும், முழு செமஸ்டர்னா என் ஓட்டு தனியா உக்கார்றதுக்குத்தான்.