எம்.எஸ். (மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ்) என்று சொல்ல டொக்டர்மார் ஏன் இவ்வளவு யோசிக்கிறார்கள்?

கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கும் மச்சாளுக்கு முதலில் ஒரு கண் மங்கியது. கண்ணை அசைத்தால் நோவு. சிவப்பு நிறம் வெளிறித் தெரிந்ததாம். அது தானாகச் சுகமாகி, சில மாதம் கழித்துக் கால் விறைக்கத் தொடங்கியது. இது எம்.எஸ்.ஸோ, அதாவது மூளை, முள்ளந்தண்டு நரம்புகளின் உறையை உடலே தாக்கும் நோயோ என்று சந்தேகம். நான் ரொறன்ரோவிலிருந்து வந்து நின்ற நேரம் என்பதால் நரம்பு டொக்டரிடம் கூட்டிப் போகும் வேலை எனக்கு விழுந்தது.

சனல் பண்ணி, அதாவது தனியார் ஆஸ்பத்திரியில் டொக்டரைப் பார்க்கப் பதிந்து, நம்பர் எடுப்பது சுகம். துண்டில் போட்டிருக்கும் நேரத்தைத்தான் நம்பக் கூடாது. அரச ஆஸ்பத்திரி வேலையை முடித்துவிட்டு மாலையில்தான் தனியாருக்கு வருகிறார்கள்.

ஆனால் உள்ளே போனபின் டொக்டர் அவசரப்படவில்லை. ஸ்கேன் படத்தைத் தொடாமல் முதலில் கதையைக் கேட்டார். சுத்தியலால் முழங்காலைத் தட்டினார், உள்ளங்காலைக் கீறிப் பார்த்தார், இசைக்கவையை அதிரவிட்டுக் கணுக்காலில் வைத்தார். "கழுத்தைக் குனியுங்கோ பிள்ளை, முதுகாலே கரண்ட் ஓடுற மாதிரி இருக்கோ?" மச்சாள் திகைத்துப்போனாள். அதை அவள் வீட்டில்கூடச் சொல்லியிருக்கவில்லை.

எம்.எஸ்.ஸைத் தனியே காட்டிக்கொடுக்கும் பரிசோதனை எதுவும் இல்லை என்றார். எம்.எஸ். தானா என்று முடிவுசெய்ய டொக்டர்மார் பாவிக்கும் மக்டொனால்ட் அளவுகோல் 2001இல் வந்து பலமுறை திருத்தப்பட்டது. நரம்பு மண்டலத்தில் வெவ்வேறு இடத்தில், வெவ்வேறு காலத்தில் சேதம் நடந்திருக்கிறது என்று காட்டுவதே 2017 திருத்தம்வரை அதன் அடிப்படையாக இருந்தது. எம்ஆர்ஐயில் கடோலினியம் என்ற ஒளிரவைக்கும் மருந்தை ஏற்றினால் புதுத் தழும்பு ஒளிரும், பழையது ஒளிராது. இரண்டும் ஒரே படத்தில் இருந்தால் காலக் கணக்கும் சரி. இல்லாவிட்டாலும் 2017 திருத்தத்தின்படி முள்ளந்தண்டு நீரில் ஒலிகோகுளோனல் பட்டைகள் (எதிர்ப்புடல்கள் சோதனையில் பட்டையாகத் தெரிவது) தெரிந்தால் அதையே காலத்துக்குச் சாட்சியாக எடுக்கலாம். அந்தப் பட்டைகள் இரத்தத்தில் இல்லாமல் நீரில் மட்டும் இருக்க வேண்டும் என்பதால் இரத்தமும் கூடவே எடுத்தார்கள்.

நீர் எடுத்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வந்தது. முதுகில் ஊசி போடுவதற்குக் கையெழுத்து வாங்கும் படிவம் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டும். தமிழ் இந்த நாட்டின் அரசகரும மொழிதானே? தாதி ஒருத்தி நல்லவள், தனக்குத் தெரிந்த தமிழில் வரி வரியாகச் சொன்னாள்.

எல்லாம் வந்த பிறகும் டொக்டர் எம்.எஸ். என்று முடிவாகச் சொல்லவில்லை. கனடாவில் எம்.எஸ். அதிகம், இலங்கையில் குறைவு. இங்கே அதே மாதிரி கண்ணையும் முள்ளந்தண்டையும் தாக்கும் என்எம்ஓ (நியூரோமைலிடிஸ் ஒப்டிகா) என்ற வேறு நோயையும் மறக்கக் கூடாது என்றார். அதற்கு ஏக்யூபி4 என்ற புரதத்தைத் தாக்கும் எதிர்ப்புடல் இரத்தத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எம்.எஸ்.ஸுக்குக் கொடுக்கும் சில மருந்துகள் என்எம்ஓவை மோசமாக்கும். அந்த முடிவு வரும்வரை நீண்டகால மருந்து தொடங்குவதில்லை என்று சொல்லி அனுப்பினார். மாமிக்கு அது பிடிக்கவில்லை. எனக்குச் சரியென்றே பட்டது.