பழைய மில்லிங் மெஷின் கழுவ மண்ணெண்ணெயா, டீசலா?
மதுரை கே.புதூர் தொழிற்பேட்டைப் பக்கம், இரும்பைச் செதுக்கும் பழைய மில்லிங் மெஷினைக் கழற்றி உட்கார்ந்தால் முதல் கேள்வியே இதுதான்.

மண்ணெண்ணெய் அழுக்கை வேகமாக இளக்கும், சீக்கிரம் காயும். புதிதாக கிரீஸ் வைக்கப்போகிற பேரிங்குக்கு இதுவே சரி. ஆனால் காய்ந்த இரும்பு அம்மணமாக நிற்கும். அன்றைக்கே எண்ணெய் தடவாவிட்டால், மழைநாளில் மறுநாள் காலையே துரு பூத்திருக்கும்.

டீசல் நிதானமான ஆள். நாற்றமும் கையை விட்டுப் போகாது. ஆனால் மெல்லிய எண்ணெய்ப் படலத்தை விட்டுச்செல்லும். டேபிளை இறக்கி, இடைவெளியை இறுக்கும் ஆப்புப் பட்டையான கிப்பை உருவினால், டேபிள் சறுக்கி ஓடும் சாய்வான டவ்டெயில் பள்ளத்தின் மூலையில் பழைய எண்ணெயும் இரும்புத் தூளும் சேர்ந்து எள்ளுருண்டை மாதிரி இறுகிக் கிடக்கும். டீசலில் நனைத்த துணியை ராத்திரி முழுக்க அதில் திணித்து வைப்பேன். காலையில் மூங்கில் சிம்பால் நெம்பினால் பெயர்ந்து வரும். உப்புத்தாள் மட்டும் வேண்டாம். கையால் சுரண்டி ஸ்கிரேப்பிங் போட்ட தடம் போய்விடும். அந்தச் சின்னக் குழிகளில்தான் எண்ணெய் நிற்கிறது.

ரேஷன் மண்ணெண்ணெய் இப்போது லேசில் கிடைப்பதில்லை, டீசலுக்கு பங்க் இருக்கிறது. அதனால் ஊறவைக்க டீசல், கடைசி அலசலுக்கு மட்டும் மண்ணெண்ணெய் என்பது என் கணக்கு. அப்புறம், எதில் கழுவினாலும் பீடி வாசலுக்கு வெளியே.